வலுவான சுருள்வில்லா, பொருத்தமான சுருள்வில்லா?



கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் வளர்ந்தவர்களில் புக்கிட் மெலாவத்தி ஏறாதவர் குறைவு. குரங்குகளை வேடிக்கை பார்த்துவிட்டு, அங்குள்ள பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நீங்களும் படம் எடுத்திருப்பீர்கள். 1784இல் டச்சுக்காரர்கள் அந்தக் குன்றுக் கோட்டையைப் பிடித்து அல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டார்.

இனி அங்கே போனால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பீரங்கியைச் சுட்டதும் குண்டு முன்னால் பறந்தது. பீரங்கி எங்கே போயிருக்கும்?

பின்னால்தான். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டனின் மூன்றாம் விதி சொல்கிறது. அக்காலத்தில் பீரங்கிகளைச் சக்கரம் வைத்த தாங்கியில் ஏற்றியிருந்தார்கள். சுட்டதும் மொத்தமும் பின்னால் உருளும். ஆட்கள் அதைத் திரும்பத் தள்ளி வந்து, மறுபடி குறி பார்க்க வேண்டும். 1897இல் பிரான்சில் உருவான 75 மில்லிமீட்டர் பீரங்கி இந்தச் சிரமத்தைப் போக்கியது. அதில் குழாய் மட்டும் பின்னால் சறுக்கும். எண்ணெயும் அழுத்திய காற்றும் அதைத் தடுத்து, பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும்.

இதே வேலையை விளையாட்டுப் போட்டிக்கான கைத்துப்பாக்கியில் ஒரு சிறிய சுருள்வில் செய்கிறது. துப்பாக்கியின் மேற்பகுதியை ஸ்லைடு என்பார்கள். சுட்டதும் அது பின்னால் ஓடி, வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும். சுருள்வில் அதைத் திரும்ப முன்னால் தள்ளும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறும். இவ்வளவும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

இதை வகுப்பில் விளக்கியபோது ஒரு மாணவன் கேட்டான்: “அப்படின்னா ரொம்ப வலுவான ஸ்பிரிங் போட்டா கை ஆடவே ஆடாதுதானே டீச்சர்?”

நல்ல கேள்வி. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விடை காண்பதற்கு முன் ஒரு சிறிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடையில் இந்தச் சுருள்வில்களை “12 ராத்தல்”, “16 ராத்தல்” என்று சொல்லி விற்பார்கள். ராத்தல் என்றால் பவுண்டு. வீட்டில் பாட்டியைக் கேட்டால் சொல்வார். ஆனால் 16 ராத்தல் என்பது சுருள்வில்லின் எடை அன்று. சமையலறைத் தராசில் வைத்தால் அது சில கிராம்தான் இருக்கும். ஸ்லைடு முழுதும் பின்னால் போன நிலையில் சுருள்வில் எவ்வளவு விசையோடு எதிர்த்துத் தள்ளுகிறது என்பதே அந்த எண். 16 ராத்தல் ஏறத்தாழ 71 நியூட்டன்.

இனிக் கணக்குக்கு வருவோம். படிவம் 4 இயற்பியலில் வரும் மொமெண்டத்தைத் தமிழில் உந்தம் என்கிறோம். பொருண்மையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். 8 கிராம் குண்டு நொடிக்கு 310 மீட்டர் வேகத்தில் போனால், 0.008 × 310 = 2.48 கிலோகிராம் மீட்டர்/நொடி. குண்டு முன்னால் கொண்டுபோகும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கும். வெடிமருந்தின் வாயுவை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. துப்பாக்கி 1 கிலோகிராம் என்றால், அது நொடிக்கு 2.48 மீட்டர் வேகத்தில் பின்னால் வரப் பார்க்கும்.

ஐபிஎஸ்சி எனப்படும் அனைத்துலகச் செயல்முறைத் துப்பாக்கிச் சுடுதல் போட்டிகளிலும் அதிகாரிகள் இந்த உந்தத்தைத்தான் அளக்கிறார்கள். குண்டின் எடையை கிரெய்ன் அளவிலும் வேகத்தை நொடிக்கு அடி அளவிலும் எடுத்துப் பெருக்கி, 1000ஆல் வகுப்பார்கள். குறைந்தது 125 வர வேண்டும். நம் அலகில் அது சுமார் 2.47. மேலே பார்த்த குண்டு மயிரிழையில் தேறிவிடும்!

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். எந்தச் சுருள்வில்லைப் போட்டாலும் 2.48 என்பது மாறாது. அந்த உந்தம் முழுவதும் கடைசியில் கைக்கு வந்தே தீரும். அது எவ்வளவு நேரத்தில், எப்படிப் பிரிந்து வருகிறது என்பதைத்தான் சுருள்வில் மாற்றுகிறது.

லாரியிலிருந்து வீசும் தேங்காயைப் பிடிப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? கையை விறைப்பாக நீட்டிப் பிடிக்க மாட்டார். தேங்காயோடு சேர்த்துக் கையையும் கீழே இறக்குவார். உந்தம் அதேதான், அதை நிறுத்தும் நேரம் கூடுவதால் கையில் விழும் விசை குறைகிறது. நம் கணக்கில் 2.48ஐ 0.01 நொடியில் நிறுத்தினால் சராசரி விசை 248 நியூட்டன். 0.05 நொடியில் நிறுத்தினால் ஏறக்குறைய 50 நியூட்டன்தான். முன்னது 25 கிலோ அரிசி மூட்டையின் எடை. பின்னது 5 கிலோ அரிசிப் பையின் எடை.

சுருள்வில் மிகவும் தளர்வாக இருந்தால் என்ன ஆகும்? ஸ்லைடு வேகம் குறையாமல் போய்த் துப்பாக்கியின் சட்டத்தில் ஓங்கி மோதும். நாளடைவில் உலோகம் தேயும். திரும்பி வரவும் தெம்பு போதாமல், அடுத்த தோட்டா சரியாக ஏறாமல் நின்றுபோகலாம்.

மிகவும் விறைப்பாக இருந்தால்? ஸ்லைடு முழுதும் பின்னால் போகாது. வெற்றுக்கூடு வெளியே விழாமல் நடுவில் சிக்கிக்கொள்ளும். அப்படியே போய்வந்தாலும், ஸ்லைடு படாரென்று முன்னால் வந்து அடிப்பதால் துப்பாக்கியின் முனை கீழே குத்தும். வீரர் மறுபடி குறியைத் தேட வேண்டும். நொடியின் பின்னங்களை எண்ணும் போட்டியில் அது பெரிய இழப்பு.

ஆகவே அனுபவசாலிகள் முதலில் தோட்டாவை முடிவுசெய்வார்கள். சுருள்வில் அதற்குப் பிறகுதான். மென்மையான தோட்டாவுக்குத் தளர்வான சுருள்வில், வேகமான தோட்டாவுக்கு விறைப்பானது. தயாரிப்பாளர் கொடுத்த அளவில் தொடங்கி, ஒரு ராத்தல், இரண்டு ராத்தல் என்று ஏற்றி இறக்கிச் சோதிப்பார்கள். சுட்டபின் குறிமுனை தானாகப் பழைய இடத்துக்கு வந்து நின்றால் பொருத்தம். மேலேயே தங்கினால் சுருள்வில் தளர்வு. கீழே இறங்கினால் விறைப்பு. பல ஆயிரம் முறை சுட்டபின் சுருள்வில் சோர்ந்துவிடும் என்பதால், எண்ணிக்கை வைத்து மாற்றியும்விடுவார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. உங்களுக்கு இங்கே வேண்டியது துப்பாக்கி அன்று, அதிலுள்ள இயற்பியல்.

அந்த இயற்பியலை நான் கற்றது அப்பாவின் மோட்டார் சைக்கிளில். தோட்டத்தில் வேலை செய்த அப்பா, பின்னால் இரண்டு உர மூட்டை ஏற்றிப் போவதற்காக விறைப்பான சுருள்வில் போட்டிருந்தார். செம்மண் சாலையில் வண்டி அவருக்குப் பூப்போல ஓடியது. நான் ஆசிரியரானதும் அந்த வண்டியை என்னிடம் கொடுத்தார். முதல் நாளே ஒரு பள்ளத்தில் வண்டி துள்ளி, திருத்திய நாற்பது நோட்டுப் புத்தகங்களும் சேற்றில் விழுந்தன. “வண்டி கெட்டுப்போச்சுப்பா” என்றேன். அப்பா சிரித்தார். “வண்டி நல்லாத்தாம்மா இருக்கு. சுமைதான் மாறிப்போச்சு” என்றார்.

படிவம் 5இல் ஹூக் விதி படிக்கும்போது நீங்களே சோதித்துப் பாருங்கள். ஆய்வகச் சுருள்வில் ஒன்றில் 100 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டு நீட்சியை அளவுகோலால் அளங்கள். விசை ஏறக்குறைய 1 நியூட்டன். 2 சென்டிமீட்டர் நீண்டால், சுருள்வில்லின் மாறிலி மீட்டருக்கு 50 நியூட்டன். பிறகு அதே போன்ற இரண்டு சுருள்வில்களை ஒன்றின் கீழ் ஒன்றாக மாட்டி அளங்கள். அடுத்து, பக்கத்தில் பக்கமாக மாட்டி அளங்கள். எது தளர்வு, எது விறைப்பு? எழுதி வையுங்கள். அப்புறம் கடைசிக் கேள்வி: உங்கள் அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு எது பொருந்தும்? அவர் எதை ஏற்றிச் செல்கிறார் என்று கேட்ட பிறகு பதில் எழுதுங்கள்.