ஒரு ஃபைல் யாருக்குச் சொந்தம்? ஸ்டார் ஆஃபீஸ் முதல் லிப்ரே ஆஃபீஸ் வரை

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன சோதனையோட ஆரம்பிக்கலாம். உங்க கம்ப்யூட்டரில் லிப்ரே ஆஃபீஸ் இருந்தா, அதில் ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து வெச்சுக்கோங்க. விண்டோஸ்னா டாஸ்க் மேனேஜருக்குப் போய், 'டீடெயில்ஸ்' பக்கத்தில் என்னென்ன ஓடுதுன்னு பாருங்க. 'லிப்ரே'ன்னு ஆரம்பிக்கிற பேரைத் தேடினா கிடைக்காது. அதுக்குப் பதிலா 'எஸ்ஆஃபீஸ்'னு ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கும்.

அந்த 'எஸ்' என்ன? 'ஸ்டார்' என்பதின் முதல் எழுத்து. ஸ்டார் ஆஃபீஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. அதை உருவாக்கின கம்பெனி இப்போ இல்லை. அந்தக் கம்பெனியை வாங்கின கம்பெனியும் இப்போ இல்லை. ஆனா அந்தப் பேர் மட்டும் உங்க மெஷினில் இன்னும் ஓடுது. இது எப்படி நடந்தது? அதுதான் இன்னைக்குக் கதை.

16 வயசுப் பையன், 64 கேபி மெமரி

வருஷம் 1985. மேற்கு ஜெர்மனியில், ஹாம்பர்க்குக்குப் பக்கத்தில் லூனெபர்க்னு ஒரு பழைய ஊர். அங்கே மார்க்கோ போரிஸ் என்ற 16 வயசுப் பையன் 'ஸ்டார் டிவிஷன்' என்ற பேரில் ஒரு கம்பெனி தொடங்கினார். முதல் தயாரிப்பு 'ஸ்டார்ரைட்டர்'. கடிதம், கட்டுரை டைப் பண்ணுற சாஃப்ட்வேர்.

அது ஓடின மெஷின்களில் ஒண்ணு, ஆம்ஸ்ட்ராட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி தயாரித்து, ஜெர்மனியில் ஷ்னைடர் என்ற பேரில் விற்ற ஹோம் கம்ப்யூட்டர். அந்த வரிசையின் முதல் மாடலில் மொத்த மெமரியே 64 கேபிதான். காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வர்ற ஒரு 'குட் மார்னிங்' படம்கூட அதைவிடப் பெருசா இருக்கும்.

அந்தக் காலத்தில் ஆபீஸ் வேலைக்கான சாஃப்ட்வேர் எல்லாம் தனித்தனித் தீவு. டைப் பண்ண வேர்ட்ஸ்டார் அல்லது வேர்ட்பெர்ஃபெக்ட். கணக்குப் போட லோட்டஸ் 1-2-3. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற கம்பெனி, வேற வேற கீபோர்டு ஷார்ட்கட். கணக்கில் போட்ட ஒரு அட்டவணையைக் கடிதத்துக்குள் கொண்டு வரணும்னா படாத பாடு படணும்.

இதையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டு, ஒரே மாதிரி மெனு வெச்சு, ஒண்ணிலிருந்து இன்னொண்ணுக்குத் தகவலை எடுத்துப் போக வழி பண்ணினதைத்தான் 'ஆஃபீஸ் சூட்'னு சொல்றோம். மைக்ரோசாஃப்ட் தன் ஆஃபீஸை 1989-ல் ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டருக்கும், 1990-ல் விண்டோஸுக்கும் கொண்டு வந்தது. ஸ்டார் டிவிஷனும் அதே பாதையில் நடந்தது. ரைட்டரோட கணக்குப் போடும் கால்க், படம் வரையும் டிரா எல்லாம் சேர்ந்து 'ஸ்டார் ஆஃபீஸ்' ஆச்சு.

ஆனா ஒரு முக்கியமான வித்தியாசம் இருந்தது. ஸ்டார் ஆஃபீஸ் விண்டோஸில் ஓடும், ஐபிஎம்-மின் ஓஎஸ்/2-விலும் ஓடும், லினக்ஸிலும் சோலாரிஸிலும் ஓடும். காரணம், அவங்க புரோகிராமை நேரடியா விண்டோஸோட பேச விடலை. நடுவில் 'ஸ்டார்வியூ'ன்னு ஒரு அடுக்கை வெச்சாங்க. புரோகிராம் "எனக்கு ஒரு பட்டன் வேணும்"னு அந்த அடுக்கிடம் கேட்கும். அந்த அடுக்கு, விண்டோஸ்னா விண்டோஸ் பாஷையில், லினக்ஸ்னா லினக்ஸ் பாஷையில் பேசி வாங்கிக் கொடுக்கும். ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி.

குறையும் இருந்தது. 5-ம் பதிப்பைத் திறந்தா, கம்ப்யூட்டரோட டெஸ்க்டாப் மேலேயே ஸ்டார் ஆஃபீஸின் சொந்த டெஸ்க்டாப் ஒண்ணு வந்து உட்காரும். அதுக்குத் தனியா ஒரு 'ஸ்டார்ட்' பட்டன் வேற! வீட்டுக்குள்ளே இன்னொரு வீடு கட்டின மாதிரி. ஆனா 1998-ல் சொந்த உபயோகத்துக்கு அதை இலவசமாவே கொடுக்க ஆரம்பிச்சாங்க.

லைசென்ஸ் வாங்குறதுக்குப் பதிலா கம்பெனியையே வாங்கு

1999 ஆகஸ்ட். அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஸ்டார் டிவிஷனை வாங்கியது. ஜாவா மொழியை உருவாக்கின அதே சன்தான். பொதுவாகச் சொல்லப்படும் விலை 7.35 கோடி டாலர்.

எதுக்கு வாங்கினாங்க? சன்னில் பின்னாளில் ஓப்பன் சோர்ஸ் பொறுப்பில் இருந்த சைமன் ஃபிப்ஸ் சொன்ன விளக்கம் ரொம்பப் பிரபலம். சன்னில் அப்போ ஏறக்குறைய 42,000 பேர் வேலை பார்த்தாங்க. பெரும்பாலும் எல்லாருக்கும் வேலைக்கு ஒரு யூனிக்ஸ் மெஷின், டாக்குமென்ட் வேலைக்கு ஒரு விண்டோஸ் லேப்டாப். 42,000 பேருக்கு மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ் வாங்குறதைவிட, ஒரு ஆஃபீஸ் கம்பெனியையே வாங்குறது மலிவுன்னு முடிவு பண்ணினாங்களாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. 7.35 கோடியை 42,000-ஆல் வகுத்தா தலைக்கு 1,750 டாலர். ஒரு தடவை வாங்குற லைசென்ஸுக்கு இது அதிகம். ஆனா ரெண்டாவது லேப்டாப்பின் விலை, சில வருஷத்துக்கு ஒருமுறை வர்ற புதுப் பதிப்புக்கான பணம் எல்லாம் சேர்ந்தா கணக்கு மாறும். அதோட, மைக்ரோசாஃப்ட்டும் சன்னும் அப்போ ஜாவா விஷயத்தில் கோர்ட் வரைக்கும் போன ஜென்ம எதிரிகள். எதிராளியின் பணப்பெட்டி எங்கே இருக்குன்னு சன்னுக்குத் தெரியும்.

அடுத்த வருஷமே சன் ஒரு பெரிய முடிவு எடுத்தது. 2000 அக்டோபர் 13 அன்று ஸ்டார் ஆஃபீஸின் மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை, உலகத்துக்கே திறந்து விட்டது. யாரும் எடுத்துப் படிக்கலாம், மாத்தலாம், தங்கள் பெயரில் வெளியிடலாம். திட்டத்தின் பேர் 'ஓப்பன் ஆஃபீஸ் டாட் ஆர்க்'. 'ஓப்பன் ஆஃபீஸ்' என்ற பேரை ஏற்கெனவே வேறொருத்தர் வெச்சிருந்ததால, அந்த 'டாட் ஆர்க்'கையும் சேர்த்தே அதிகாரப்பூர்வப் பேரா வைக்க வேண்டியதாச்சு. 2002 மே மாதம் 1.0 வந்தது. சொந்த டெஸ்க்டாப்பும் அந்தக் கூடுதல் ஸ்டார்ட் பட்டனும் அதில் இல்லை.

ஃபைலுக்குள்ளே என்ன இருக்கு?

இப்போதான் கதையின் முக்கியமான இடத்துக்கு வர்றோம். சாஃப்ட்வேரை விடுங்க. நீங்க எழுதின ஃபைல் இருக்கே, அது யாருக்குச் சொந்தம்?

"இதென்ன கேள்வி, எழுதினது நான்தானே"ன்னு தோணும். ஆனா பழைய 'டாக்' ஃபைல் ஒரு பூட்டின பெட்டி மாதிரி. உள்ளே உங்க எழுத்து எந்த இடத்தில் எப்படி வெச்சிருக்குன்னு மைக்ரோசாஃப்ட்டுக்குத்தான் முழுசாத் தெரியும். மத்தவங்க ஃபைலைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்து, ஊகிச்சு ஊகிச்சுத்தான் திறந்தாங்க. அதனாலதான் ஒரு ஆஃபீஸில் எழுதினதை இன்னொண்ணில் திறந்தா பாராவெல்லாம் கலைஞ்சு நிற்கும். அந்த வடிவத்தின் விளக்கத்தை மைக்ரோசாஃப்ட் எல்லாரும் தடையில்லாமல் பயன்படுத்தலாம்னு இணையத்தில் வெளியிட்டதே 2008-ல்தான். ஸ்டார் ஆஃபீஸின் பழைய ஃபைல்களும் யோக்கியம் கிடையாது, அதுவும் பூட்டின பெட்டிதான்.

ஓப்பன் ஆஃபீஸ் இதை மாத்தியது. இன்னொரு சோதனை பண்ணுங்க. 'ஓடிடி'ன்னு முடியுற ஒரு ஃபைலை காப்பி எடுத்து, அதன் கடைசிப் பெயரை 'ஜிப்'னு மாத்தித் திறங்க. உள்ளே 'கன்டென்ட்'னு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். அதை நோட்பேடில் திறந்தா, குறியீடுகளுக்கு நடுவில் நீங்க எழுதின வரிகள் அப்படியே தெரியும். படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கும். எந்தக் கம்பெனி மூடினாலும், ஒரு சாதாரண புரோகிராமர் உங்க எழுத்தை மீட்டுடலாம்.

இந்த வடிவத்தை 'ஓப்பன் டாக்குமென்ட்' என்ற பேரில் 2005 மே மாதம் ஓயாசிஸ் அமைப்பு தரநிலையாக ஏற்றது. 2006-ல் சர்வதேச தர அமைப்பான ஐஎஸ்ஓவும் ஏற்றது. மைக்ரோசாஃப்ட்டும் சும்மா இல்லை. இன்னைக்கு நாம பாக்குற 'டாக்எக்ஸ்' வடிவத்தைக் கொண்டு வந்தது. அதுவும் ஜிப்புக்குள் எக்ஸ்எம்எல்தான், அதே சோதனையை அதிலும் பண்ணலாம். அதை ஐஎஸ்ஓ தரமாக்க நடந்த வாக்கெடுப்பு பெரிய சண்டையாச்சு. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. ஆனாலும் 2008-ல் அது நிறைவேறியது.

நம்ம ஊர்ப் பக்கம்

கோடு திறந்திருந்தா இன்னொரு லாபம். மெனுவை உங்க மொழிக்கு மாத்த யார் அனுமதியும் வேண்டாம். "இந்த மொழிக்கு மார்க்கெட் இருக்கா?"ன்னு எந்தக் கம்பெனியும் யோசிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம். 2005-ல் மத்திய அரசு தமிழ் மென்பொருள் சிடி ஒன்றை இலவசமாக வெளியிட்டது. தமிழ் எழுத்துருக்களோட, தமிழ் மெனு கொண்ட ஓப்பன் ஆஃபீஸும் அதில் இருந்தது. பின்னாடி தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் மாறியது. 2011-ல் தொடங்கின இலவச லேப்டாப் திட்டம் ஞாபகம் இருக்கா? அதில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவங்க, பேர் தெரியாமலே இந்தக் குடும்பத்து ஆஃபீஸைத்தான் பார்த்திருப்பாங்க.

முதலாளி மாறினார், ஆட்கள் கிளம்பினாங்க

2010 ஜனவரி. சன்னை ஆரக்கிள் வாங்கியது. ஓப்பன் ஆஃபீஸும் ஆரக்கிள் கைக்குப் போச்சு. இந்தத் திட்டத்தை ஆரக்கிள் என்ன செய்யும்னு அதில் வேலை செஞ்சவங்களுக்குச் சந்தேகம். செப்டம்பர் 28-ம் தேதி பெரும்பகுதித் தன்னார்வலர்கள் பிரிஞ்சு வந்து 'தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பை அறிவிச்சாங்க. கோடு திறந்துதான் இருக்கு, அதை எடுத்துக்கிட்டாங்க. பேரை மட்டும் எடுக்க முடியாது, அது ஆரக்கிளின் சொத்து. அதனால தற்காலிகமா வெச்ச பேர்தான் 'லிப்ரே ஆஃபீஸ்'. பழைய பேரைத் தரச் சொல்லி ஆரக்கிளிடமே கேட்டுப் பார்த்தாங்க. ஆரக்கிள் தரலை. தற்காலிகப் பேரே நிரந்தரமாச்சு.

அமைப்பை ஜெர்மனியில் பதிவு பண்ண 50,000 யூரோ மூலதனம் தேவைப்பட்டது. 2011 பிப்ரவரியில் பொதுமக்களிடம் கேட்டாங்க. எட்டே நாளில் சேர்ந்துடுச்சு. சில மாசம் கழிச்சு ஆரக்கிள் ஓப்பன் ஆஃபீஸை அப்பாச்சி அமைப்பிடம் கொடுத்து விலகிக்கிச்சு. அதுக்குள்ளே முக்கியமான லினக்ஸ் பதிப்புகள் பலதும் லிப்ரே ஆஃபீஸ் பக்கம் வந்தாச்சு.

புதுசா வந்தவங்க கோடைப் பிரிச்சுப் பார்த்தப்போ ஒரு வேடிக்கை. புரோகிராமர்கள் எழுதி வெச்ச குறிப்புகளில் ஏராளமானவை ஜெர்மனில் இருந்தன. ஸ்டார் டிவிஷன் காலத்து மிச்சம். தன்னார்வலர்கள் பல வருஷம் உட்கார்ந்து அதையெல்லாம் ஆங்கிலத்துக்கு மாத்தினாங்க.

எல்லாம் சுபமா?

அப்படியும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும், பிறகு லிப்ரே ஆஃபீஸுக்கும் மாறி உலகமே பேசின உதாரணமா இருந்தது. 2017-ல் அதே மாநகராட்சி விண்டோஸுக்கே திரும்புறதா முடிவு பண்ணியது.

லிப்ரே ஆஃபீஸே ஒரு தப்புப் பண்ணியது. 2013-ல் வந்த 4.0-ல், ஸ்டார் ஆஃபீஸின் பழைய ஃபைல்களைத் திறக்கும் பகுதியை நீக்கிட்டாங்க. பராமரிக்க முடியாத அளவுக்குப் பழைய கோடு அது. ஆக, தாத்தா எழுதின கடிதத்தைப் பேரனால படிக்க முடியலை! சில வருஷம் கழிச்சு, அந்தப் பூட்டின வடிவத்தை மறுபடி ஆராய்ஞ்சு ஒரு புதுச் சாவி செஞ்சுதான் சரி பண்ண வேண்டியிருந்தது. கோடு கைக்குள்ளே இருந்தவங்களுக்கே இந்தக் கதி. நமக்கு?

அதனால இன்னைக்கு வீட்டுப்பாடம் ஒண்ணே ஒண்ணுதான். எந்த ஆஃபீஸை வேணாலும் பயன்படுத்துங்க, கூகுள் டாக்ஸா இருந்தாலும் சரி. ஆனா பத்து வருஷம் கழிச்சும் வேணும்னு நினைக்கிற எழுத்து, உங்க தீசிஸோ, பாட்டி சொல்லி நீங்க எழுதி வெச்ச சமையல் குறிப்போ, அதில் ஒரு காப்பியைத் திறந்த வடிவத்தில் சேமிச்சு வைங்க. கம்பெனி மாறும், பேர் மாறும். ஃபைல் திறக்கணும்.

2024 ஏப்ரலில் வட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, தன் 30,000 கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆஃபீஸுக்கு மாத்தப் போறதா அறிவிச்சது. லூனெபர்க்கில் இருந்து ஹாம்பர்க்கைத் தாண்டினா அந்த மாநிலம் வந்துடும். அங்கே ஒரு அரசு ஊழியர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தா, 16 வயசுப் பையன் வெச்ச பேரின் முதல் எழுத்து தெரியும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும், பேக்கப் எடுத்து வெச்சுக்கோங்க மக்களே!