சிரிக்க வைக்காத பேய்கள்! திகில் ரசிகர்கள் பார்க்கத் தவறிய ஐந்து படங்கள்

பேய்ப் படம் என்றால் இப்போது சிரிப்புப் படம் என்று ஆகிவிட்டது.

2011-ல் "காஞ்சனா", 2014-ல் "அரண்மனை" ஆகிய படங்கள் வசூலை அள்ளியதிலிருந்து, பேயும் நகைச்சுவை நடிகரும் ஒரே பங்களாவில் ஓடிப்பிடித்து விளையாடுவது வழக்கமாகிவிட்டது.

சிரிப்பதில் தப்பில்லை. ஆனால் பயப்படுவதற்கென்றே டிக்கெட் வாங்குகிற ரசிகர்களும் இருக்கிறார்கள். பின் வரிசையில் உட்கார்ந்து, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு பார்க்கிற கூட்டம் அது. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பெங்களூர் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ், கன்னடம், மலையாளம், இந்தி என்று நாலு மொழியும் தினமும் காதில் விழுகின்றன. பயத்துக்கு மொழி தேவையில்லை. எனவே நாலு மொழியிலிருந்தும் ஐந்து படங்களை இங்கே தருகிறோம்.

நூறு வயது தாண்டிய ஜமீன்தார்

முதலாவது, டைரக்டர் ஸ்ரீதரின் "நெஞ்சம் மறப்பதில்லை" (1963). விசுவநாதன்-ராமமூர்த்தி இசையில் அந்தத் தலைப்புப் பாடலைத் தெரியாத தமிழர் இல்லை. ஆனால் படத்தை முழுசாகப் பார்த்தீர்களா என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள்.

பாழடைந்த மாளிகையில் கால் வைத்ததும் கதாநாயகனுக்குப் போன ஜென்மத்து நினைவு வருகிறது. கல்யாண்குமாரும் தேவிகாவும் ஜோடி. ஏழைப் பெண்ணைக் காதலித்த மகனை மன்னிக்காத ஜமீன்தாராக நம்பியார் வருகிறார். காதலர்கள் மறு பிறவி எடுத்து வந்த பிறகும், நூறு வயதைத் தாண்டிய அந்தக் கிழவர் சாகாமல் இருக்கிறார். அவருடைய கோபமும் சாகவில்லை.

செத்தவர்களைவிடச் சாகாத மனிதரைப் பார்த்துத்தான் நாம் நடுங்குகிறோம். அதுதான் இந்தப் படத்தின் புதுமை.

பேயோடு பேசும் எழுத்தாளர்

அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் ஏ.வின்சென்ட். அடுத்த ஆண்டே அவர் டைரக்டராகி எடுத்த முதல் படம், மலையாளத்தில் வந்த "பார்கவி நிலையம்" (1964). கதை, வசனம் எழுதியவர் வைக்கம் முகமது பஷீர்.

ஓர் எழுத்தாளர் (மது) வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார். அங்கே பார்கவி என்ற பெண்ணின் ஆவி உலவுவதாக ஊரே சொல்கிறது. அவர் ஓடவில்லை, மந்திரவாதியைக் கூப்பிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெண்ணோடு மரியாதையாகப் பேச ஆரம்பிக்கிறார். அவள் கதையையே எழுத உட்காருகிறார். எழுத எழுத, அவள் எப்படிச் செத்தாள் என்ற உண்மை வெளியே வருகிறது.

பார்கவியாக விஜயநிர்மலா, காதலனாகப் பிரேம் நசீர். கறுப்பு வெள்ளையில் நிலவும் கிணறும் வெறும் ஊஞ்சலும் போதும், வின்சென்ட் மிரட்டிவிடுகிறார். இதே கதையை 2023-ல் "நீலவெளிச்சம்" என்ற பெயரில் வண்ணத்தில் மறுபடி எடுத்தார்கள். ஆனாலும் பழையதை முதலில் பாருங்கள்.

கணவனைப் பிடித்த ஆவி

மூன்றாவது, கன்னடப் படம்: "நா நின்ன பிடலாரே" (1979). "நான் உன்னை விடமாட்டேன்" என்று பொருள். கன்னட ரசிகர்கள் கொண்டாடிய படம்தான். பக்கத்து வீட்டுத் தமிழர்கள்தான் கவனிக்கவில்லை.

பேய் என்றால் பெண்ணைத்தான் பிடிக்கும் என்பது சினிமா வழக்கம். இங்கே அது கணவனைப் பிடிக்கிறது. அனந்த்நாக் கண்ணாலேயே மிரட்டுகிறார். மனைவியாக நமக்கு நன்கு அறிமுகமான லட்சுமி. ராகவேந்திர சுவாமிகள் மீதுள்ள பக்தியும் கதையோடு பின்னி வருகிறது.

பெங்களூர் வீட்டில் ஒரு பெண்

ஐந்தில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் என்றால், "கெஹ்ராயி" (1980) என்ற இந்திப் படத்தைப் பாருங்கள். அருணா ராஜே, விகாஸ் தேசாய் இருவரும் சேர்ந்து டைரக்ட் செய்தது. மராத்தி நாடக ஆசிரியர் விஜய் டெண்டுல்கருக்கும் எழுத்தில் பங்கு உண்டு.

கதை நடப்பது பெங்களூரில். குடும்பத் தலைவர் (ஸ்ரீராம் லாகு) கிராமத்து நிலத்தைச் சோப்புத் தொழிற்சாலைக்கு விற்றுவிடுகிறார். அந்த மண்ணையே நம்பிக் காவல் இருந்தவன் மனம் உடைகிறான். சில நாளில் பள்ளிக்கூடம் போகும் மகள் (பத்மினி கோலாபுரே) வேறு குரலில் பேச ஆரம்பிக்கிறாள். அப்பாவின் பழைய பாவம் ஒன்று, மகள் வாயால் சபைக்கு வருகிறது.

இதில் பங்களா இல்லை, வெள்ளைப் புடவை இல்லை. நடுத்தரக் குடும்பத்தின் சாப்பாட்டு மேஜைதான் இருக்கிறது. ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் மந்திரவாதிகள். நடுவில் அந்தப் பெண் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. தப்புச் செய்தவர் ஒருவர், தண்டனை அனுபவிப்பவள் இன்னொருத்தி!

நிம்ஹான்ஸ் மருத்துவமனை உள்ள ஊரிலும், வீட்டுப் பெண் நிலை மாறினால் வேப்பிலையைத் தேடுகிறவர்கள் உண்டு. அவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம் இது.

காலியான தியேட்டர்

கடைசியாக, ராம்கோபால் வர்மாவின் "ராத்" (1992). தெலுங்கில் "ராத்ரி". நம் ரேவதிதான் கதாநாயகி. புது வீட்டுக்குக் குடிபோகும் குடும்பம், செத்துப்போன ஒரு பூனைக்குட்டி, அதன் பிறகு வரும் வினைகள் என்று கதை போகிறது.

சினிமா பார்க்கப் போன ரேவதி, வெளியே போய்விட்டுத் திரும்பினால் தியேட்டரே காலியாக இருக்கும் காட்சி ஒன்று போதும். இரவு டூட்டி முடிந்து கடைசி ரயில் போன பிளாட்பாரத்தில் தனியாக நடக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, அந்த அமைதியின் பயம் நன்றாகத் தெரியும்.

"கெஹ்ராயி"யில் அண்ணனாக வந்த அனந்த்நாக் இதிலும் இருக்கிறார். இந்த ஐந்தில் மூன்று படங்கள் அவருடையவை.

பேய் கேட்கும் நியாயம்

வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். இவற்றில் பல ஆவிகள் சும்மா வரவில்லை. சுடப்பட்ட ஏழைப் பெண், உண்மை மறைக்கப்பட்ட காதலி, ஏமாற்றப்பட்ட குடியானவன் வீட்டுப் பெண். உயிரோடு இருக்கும்போது யாரும் கேட்காத வழக்கை, செத்த பிறகு வந்து சொல்கிறார்கள். பேயைக் கோமாளி ஆக்கினால் அந்த வழக்கும் தள்ளுபடியாகிவிடுகிறது.

விளக்கை அணைத்துவிட்டு, கைபேசியைத் தூர வைத்துவிட்டுப் பாருங்கள். சிறு பிள்ளைகளைத் தூங்க வைத்துவிடுவது நல்லது. முதலில் "பார்கவி நிலையம்", முடிவில் "கெஹ்ராயி" என்று வைத்துக்கொண்டால், பயம் படிப்படியாக ஏறும்.