எந்த நாயைக் கண்டாலும் பாயும் நாய்! அடித்தால் அடங்குமா?

செஞ்சி,
யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கிக் காட்டியவன் தேசிங்கு ராஜா. செஞ்சி வட்டாரத்தில் சின்னப் பிள்ளைகூட இந்தக் கதையைச் சொல்லும். குதிரை கிடக்கட்டும், வீட்டு நாயை அடக்க என்ன வழி என்று கேட்கிறவர்கள்தான் இன்று அதிகம்.

வீட்டு ஆட்களைக் கண்டால் வாலை ஆட்டும். குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா இருக்கும். ஆனால் இன்னொரு நாய் கண்ணில் பட்டால் போதும், சங்கிலியை அறுத்துக் கொண்டு பாயும். "அடிச்சும் பாத்தாச்சு, பட்டினி போட்டும் பாத்தாச்சு. திருந்தவே மாட்டேங்குது" என்ற புலம்பல் சென்னையிலும் உண்டு, சிங்கவரத்திலும் உண்டு.

வளர்ந்த நாயைத் திருத்த முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் தடியால் முடியாது. இது பற்றிய விவரம் வருமாறு:-

பழகும் வயது

நாய்க்குட்டி பிறந்த 3-வது வாரத்தில் இருந்து சுமார் 3 மாதம் வரை உலகத்தைப் பழகிக் கொள்ளும் பருவம். இந்த நாட்களில்தான் தாயோடும், கூடப் பிறந்த குட்டிகளோடும் கடித்து விளையாடி, "இவ்வளவு கடித்தால் விளையாட்டு, இதற்கு மேல் கடித்தால் சண்டை" என்று தெரிந்து கொள்கிறது.

கண் திறந்த கையோடு குட்டியைப் பிரித்து வந்து வாசலில் கட்டிப் போட்டால் இந்தப் பாடமே கிடைக்காது. அப்படி வளரும் நாய்க்கு எதிரே வரும் ஒவ்வொரு நாயும் ஆபத்தாகத்தான் தெரியும்.

பாய்கிற நாய் எல்லாம் வீரன் அல்ல. பல நாய்கள் பயத்தில்தான் பாய்கின்றன. சங்கிலியில் இருக்கும் நாய்க்கு ஓடித் தப்பிக்க வழி இல்லை. குரைக்கிறது. எதிரே வந்த நாய் விலகிப் போகிறது. "ஆகா, குரைத்தால் போய்விடும்" என்று மனதில் பதிந்து விடுகிறது. அடுத்த தடவை இன்னும் பலமாகப் பாயும்.

முதலில் டாக்டர்

திடீரென்று ஒரு நாய் சண்டைக்காரனாக மாறினால் முதலில் கால்நடை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். காதில் சீழ், மூட்டு வலி, பல் வலி இருந்தாலும் பக்கத்தில் எதையும் அண்ட விடாது. வலிக்கு மருந்து கொடுக்காமல் பயிற்சி கொடுத்துப் பயன் இல்லை.

கருத்தடை ஆபரேஷன் செய்தால் பெட்டை நாய்க்காக நடக்கும் சண்டையும், ஊர் சுற்றுவதும் குறையும். ஆனால் பயத்தால் வரும் சண்டை ஆபரேஷனால் தீராது.

தூரம்தான் மருந்து

சிங்கவரத்தில் ஒரு வீட்டில் 4 வயது ராஜபாளையம் நாய் இருக்கிறது, அதன் பெயர் மணி என்று வைத்துக் கொள்வோம். மணியை என்ன செய்ய வேண்டும்?

இன்னொரு நாயைப் பார்த்தும் மணி குரைக்காமல் நிற்கும் தூரம் ஒன்று உண்டு. அது 50 அடியாக இருக்கலாம், 200 அடியாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

அந்தத் தூரத்தில் எதிர் நாய் கண்ணில் பட்ட உடனே மணிக்கு வேக வைத்த கோழித் துண்டு, அவித்த முட்டை என்று அதற்குப் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். எதிர் நாய் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளைக்கு 10 நிமிடம் போதும். "நாய் வந்தா கறி வருது" என்ற கணக்கு மணிக்குப் புரிய வேண்டும். எதிர் நாயைப் பார்த்துவிட்டு, "எங்கே என் பங்கு?" என்று எஜமான் பக்கம் திரும்பினால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கலாம். குரைத்துவிட்டால் நெருங்கியது அதிகம் என்று அர்த்தம். திட்டாமல் பின்னால் வர வேண்டும். வாரக் கணக்கில் ஆகும். சில நாய்க்கு மாதக் கணக்கில் ஆகும்.

இடமும் முக்கியம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த செஞ்சிக் கோட்டைப் பக்கம் சுற்றுலாக் கூட்டமும், குரங்குகளும் உண்டு. அது பயிற்சிக்கு ஆகாது. நாலு பக்கமும் பார்வைக்குத் தெரியும் அறுவடை முடிந்த வயல்தான் நல்லது.

முகத்தைத் திருப்பினால்...

போருக்குப் புறப்படும் முன் தேசிங்கு ராஜா சிங்கவரம் குகைக் கோவிலில் பள்ளி கொண்டிருக்கும் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டானாம். "வேண்டாம்" என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக் கொண்டாராம். மீறிப் போன ராஜா 1714-ல் போர்க்களத்தில் மாண்டான் என்பது ஊரறிந்த கதை.

நாய் பாஷையிலும் இதே அர்த்தம்தான். முகத்தைப் பக்கவாட்டில் திருப்புவது, தரையை மோப்பம் பிடிப்பது, மூக்கை நக்குவது, கொட்டாவி விடுவது எல்லாம் "எனக்குச் சண்டை வேண்டாம்" என்று சொல்வது. உடம்பு விறைத்து, வாயை மூடி, கண் கொட்டாமல் பார்த்தால் பாயப் போகிறது என்று அர்த்தம். அந்த நொடியே திரும்பி நடக்க வேண்டும்.

உறுமினால் அடிக்கக் கூடாது. உறுமல் ஒரு எச்சரிக்கை மணி. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கும்.

ஜோடி நடை

மணி ஓரளவு பழகிய பிறகு சாதுவான ஒரு நாயோடு நடக்க விடலாம். இரண்டு நாய், இரண்டு ஆள். ரோட்டின் இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று. ஒரே திசையில் நடக்க வேண்டும். நேருக்கு நேர் விடவே கூடாது. இரண்டும் சாந்தமாக இருந்தால் நாளாக ஆக இடைவெளியைக் குறைக்கலாம்.

இந்தக் கட்டத்தில் வாய்மூடி போடுவது பாதுகாப்பு. கூடை மாதிரி இருப்பதுதான் சரி. நாய் வாயைத் திறந்து இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. வாயை இறுக்கும் துணிப் பட்டையைக் கட்டி வெயிலில் நடத்தினால் உயிருக்கே ஆபத்து.

"ரெண்டையும் ஒரே இடத்துல விடு, அதுங்களே பேசித் தீத்துக்கும்" என்று ஊரில் சிலர் யோசனை சொல்வார்கள். காதில் போட்டுக் கொள்ளக் கூடாது. காது கிழியும், பயமும் இரண்டு மடங்காகும்.

அமெரிக்காவில் நடந்தது

2007-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கால்பந்து வீரர் மைக்கேல் விக் நாய்ச்சண்டை வழக்கில் சிக்கி சிறைக்குப் போனார். அவரது இடத்தில் சண்டைக்காகவே வளர்த்த சுமார் 50 நாய்கள் பிடிபட்டன. இவற்றைக் கொன்றுவிட வேண்டும் என்றே பலர் சொன்னார்கள்.

ஆனால் கோர்ட்டு அவற்றை ஒவ்வொன்றாகப் பரிசோதிக்க வைத்தது. பெரும்பாலானவை பிழைத்தன. 22 நாய்கள் யூட்டா மாநிலத்தில் உள்ள பெஸ்ட் பிரண்ட்ஸ் காப்பகத்துக்குப் போயின. பொறுமையாகப் பழக்கிய பிறகு பல நாய்கள் வீடுகளுக்கே வளர்ப்பு நாயாகப் போய்ச் சேர்ந்தன. சில கடைசி வரை காப்பகத்திலேயே இருந்தன. எல்லா நாயும் ஒன்று போல மாறாது.

அவிழ்த்து விட்டால்?

"தொல்லை தாங்கலே" என்று நாயைக் கொண்டு போய் எங்காவது விடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாய்களைச் சண்டைக்கு ஏவுவதும், நாள் முழுவதும் கட்டிப் போட்டு நடக்கக்கூட விடாமல் இருப்பதும் அதே சட்டத்தில் குற்றம்.

தெருவில் விட்ட நாய்க்கும் கதி இல்லை. பிடிபட்ட தெரு நாய்களுக்கு கருத்தடையும், தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், ஆனால் வெறிநோய் உள்ளவற்றையும், ஆக்ரோஷமாக நடப்பவற்றையும் திரும்ப விடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஆகஸ்டு 22-ந்தேதி உத்தரவிட்டது. வீட்டில் திருத்தாமல் தெருவில் விட்ட நாய்க்கு மிச்சம் கூண்டுதான்.

கையை விடாதீர்கள்!

நாய்ச்சண்டையை விலக்கப் போய்க் கடிபடுபவர் பெரும்பாலும் எஜமான்தான். நடுவில் கையை விடக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரை வீசலாம். தடித்த சாக்கைப் போடலாம். தகரத்தைத் தட்டிப் பெரிய சத்தம் எழுப்பலாம்.

கடிபட்டால் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழி கிடையாது. நாய்க்கும் வருடா வருடம் தடுப்பூசி போட வேண்டும்.

மணி ஊரில் உள்ள எல்லா நாயோடும் சிநேகமாக வேண்டியது இல்லை. எதிரே ஒரு நாய் வரும்போது பாயாமல் எஜமானோடு நடந்து கடந்து போனால் அதுவே வெற்றி. பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாகத் தெருவில் நடப்பார்.