குற்றவாளி கொசுவா, கூலியாளா?

1974இல் மலேரியாவை ஒழித்துவிட்டதாகப் பெயரெடுத்த நாடு கிரீஸ். அதே நாட்டில் 2011இல், அயல்நாட்டுப் பயணமே அறியாத மக்களையும் மலேரியா பிடித்தது. உள்நாட்டிலேயே தொற்றியவர்கள் சுமார் 40 பேர். பெரும்பாலோர் தெற்கே எவ்ரோதாஸ் பகுதியினர்.

அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களில் பாடுபட்டவர்கள் பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள். இத்தகைய நேரத்தில், “வந்தவன் கொண்டுவந்தான், விரட்டு!” என்று கூவுவது எந்த நாட்டிலும் சிலருக்கு வாடிக்கை.

நாம் கேட்கிறோம்: தன்னிடம் இருப்பதே தெரியாத நோயை ஒருவன் எப்படி மறைப்பான்?

மலேரியா மண்டிய ஊரில் வளர்ந்தவன் உடல், பலமுறை தொற்றுக்கு ஆளாகி, கிருமியைத் தாங்கப் பழகிவிடுகிறது. இரத்தத்தில் கிருமி உண்டு. காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை. வைவாக்ஸ் என்ற வகையோ ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். கிருமி குறைவாயிருந்தால் நுண்ணோக்கியின் கண்ணுக்கும் தப்பிவிடும். ஊரை விட்டு வந்து நாளானால் உடலின் தாங்கும் சக்தி தேயும். அவனே ஒருநாள் படுக்கையில் விழலாம்.

அவன் மூச்சுக்காற்றில் இந்நோய் பரவாது. பரப்புவது அனோபிலிஸ் கொசு. வயலோரத்தில், வசதியற்ற இருப்பிடத்தில் அவனை நெருக்கியடித்துத் தங்க வைத்தது யார்? கடன் நெருக்கடியைக் காட்டிப் பொதுச் சுகாதாரச் செலவை வெட்டியது யார்? கொசுவுக்குப் பாதை போட்டவர்கள் கூலியாட்களல்லர்!

பிறகு எவ்ரோதாசில் வழி பிறந்தது. சுகாதார ஊழியர்கள் தொழிலாளர் இருப்பிடங்களுக்கே சென்றனர். மொழி தெரிந்தவர்களையும் அழைத்துச் சென்றனர். பரிசோதனை செய்தனர், கொசுவலை கொடுத்தனர், நோயாளிகளுக்கு இலவச மருந்து தந்தனர். 2013, 2014 ஆண்டுகளில் காய்ச்சலில்லாத தொழிலாளர்களுக்கும் குளோரோகுயின், பிரைமாகுயின் மருந்துகள் கொடுத்தனர். கொசு ஒழிப்பும் உடன் நடந்தது. பலன்? நாடு முழுவதிலும் உள்நாட்டுத் தொற்று 2012இல் 20, 2013இல் 3, 2014இல் ஒன்றுகூட இல்லை!

விரட்டினால் தொழிலாளி ஒளிவான். ஒளிந்தால் கிருமியும் அவனோடு ஒளியும். அரவணைத்தால் ஊரும் பிழைக்கும், அவனும் பிழைப்பான்.

உழைப்பை வாங்கிக்கொள்ளும் நாடு, உழைப்பவனின் இரத்தத்தையும் சோதித்து மருந்து தரட்டும். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இது பிச்சையல்ல, தோழர்களே, உரிமை!