மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பிள்ளை

இடைவேளை மணி அடித்ததும் பாடசாலை முற்றம் ஆரவாரத்தால் நிறைகின்றது. பிள்ளைகள் குழாம் குழாமாகச் சேர்ந்து ஓடுகின்றார்கள். மதிலோரத்தில் ஒரு சிறுவன் மாத்திரம் தனித்து நிற்கின்றான். கணக்கிலே அவன் கெட்டிக்காரன். ஆயினும், "நானும் வரட்டுமா?" என்று எப்பொழுது, எவ்விதம் கேட்பதென்பது அவனுக்குத் தெரியவில்லை. ஏனைய பிள்ளைகள் எவரும் கற்பியாமலே கற்றுக்கொள்ளும் வித்தை அது. ஓட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாடுடைய பிள்ளைக்கோ அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டவேண்டியிருக்கின்றது.

1943ஆம் ஆண்டில் லியோ கன்னர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையாலேயே இந்நிலை மருத்துவ உலகில் நன்கு அறியப்படலாயிற்று. பழகும் முறையைக் கற்பிக்கும் பயிற்சிகள் பின்னரே பெருகின. விளையாட்டிற் சேர்வதையே எடுத்துக்கொள்வோம். முதலில் சற்றுத் தூரத்தில் நின்று விளையாட்டைக் கவனித்தல்; ஆட்டம் ஓயும் தருணத்துக்குக் காத்திருத்தல்; அணுகிக் கேட்டல்; மறுத்தாற் கோபியாது விலகுதல். ஆசிரியர் இவற்றை நடித்துக் காட்டுவார். பிள்ளை திரும்பச் செய்யும். அறைக்குள்ளே எல்லாம் செவ்வனே நடைபெறும். மைதானத்தில் இறங்கியதும் பாதி மறந்துபோகும். மறவாத பிள்ளையுங்கூட, மற்றவர்கள் திரும்பிப் பாராவிட்டால் என் செய்யும்?

இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் கொனி கசாரி. 2012ஆம் ஆண்டில் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்விலே, சாதாரண வகுப்புகளிற் பயிலும் 60 ஓட்டிசப் பிள்ளைகள் இடம்பெற்றனர். சிலருக்கு நேரடியாகவே பயிற்சி அளிக்கப்பட்டது. வேறு சிலருடைய வகுப்பிலோ, 3 சகமாணவர்களுக்கு மாத்திரம், தனித்து நிற்போரை எவ்வாறு கவனித்து விளையாட்டில் இணைப்பதென்று சொல்லிக்கொடுத்தார்கள். சம்பந்தப்பட்ட பிள்ளை அவ்வகுப்புக்கே அழைக்கப்படவில்லை. இன்னும் சிலருக்கு இரண்டும் கிடைத்தன. எஞ்சியோருக்கு இரண்டும் இல்லை. ஆறு வாரங்களின் பின் பார்த்தபொழுது, தோழர்கள் பயிற்சி பெற்ற வகுப்புகளிலேதான் மைதானத் தனிமை தெளிவாகக் குறைந்திருந்தது. பிள்ளைக்கு மருந்து கொடுக்க வந்தவர்கள், அயலாருக்குக் கொடுத்துக் குணங் கண்டதைப் போன்றது இது!

அதே 2012ஆம் ஆண்டில், தாமும் ஓட்டிசமுடையவரான பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்ற்றன் இதனை ஒட்டிய கருத்தொன்றை முன்வைத்தார். ஓட்டிசமுடையோர் பிறரை விளங்கிக்கொள்ளாமை பற்றியே எல்லோரும் பேசுகின்றனர். பிறரும் அவர்களை விளங்கிக்கொள்வதில்லை என்றார் அவர்.

வீட்டிலும் வகுப்பிலும் அடிக்கடி கேட்கும் "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்னும் கட்டளையை இவ்விடத்திற் சற்று எண்ணிப் பார்க்கலாம். பிறர் கண்ணை நோக்குவது தமக்குப் பெரும் வேதனை என்று, வளர்ந்தபின் ஓட்டிசமுடையோர் பலர் கூறியிருக்கின்றனர். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னவை அனைத்தையும் செவிமடுக்கும் பிள்ளைகள் உளர். அத்தகைய பிள்ளையின் முகத்தைப் பிடித்துத் திருப்புவது பயிற்சியாகாது. சொன்னது விளங்கிற்றா என்று கேட்டாற் போதும்.