தலையணைக்குக் கீழே ஒரு வாம்பயர் புத்தகம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளின் கட்டில் விரிப்பை மாற்றும்போது தலையணைக்குக் கீழே லைப்ரரிப் புத்தகம் ஒன்று கிடந்தது. 'வாம்பயர் அகடமி'. பின்னால் வந்து நின்ற அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "உதென்ன, பேய்க் கதையோ, காதல் கதையோ?" என்று கேட்டார்.

"இரண்டும்தான் அம்மா."

"அப்ப ஏன் பிள்ளையை வாசிக்க விடுறாய்?"

மகள் எட்டாம் வகுப்பு. பறித்து வைத்தால் போனில் வாசிப்பாள். அதனால், "நீ முடிச்ச பிறகு எனக்கும் தா" என்று கேட்டேன். அவளுக்கு ஆச்சரியம்.

எங்கள் வயதுக்காரருக்கு இது ஒன்றும் புதிதல்ல. 2005இல் ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வரத் தொடங்கிய பிறகு நாங்கள் கம்பஸில் எட்வர்ட் பக்கம், ஜேக்கப் பக்கம் என்று பிரிந்து நின்று சண்டை பிடித்தவர்கள். வாம்பயரா, ஓநாயாக மாறும் பையனா, பெல்லா யாரைத் தெரிவு செய்வாள் என்பதுதான் எங்களுக்கு அப்போது பெரிய கேள்வி. ரிஷெல் மீட் எழுதிய 'வாம்பயர் அகடமி' 2007இல் தொடங்கி 2010இல் ஆறாவது புத்தகத்துடன் முடிந்தது. இதில் கேள்வி வேறு. யாரைக் காதலிப்பது என்பதை விட, நான் யாருக்குக் கடமைப்பட்டவள் என்பதுதான் கதை.

கதை என்ன?

இந்த உலகத்தில் மொரோய் என்பவர்கள் பிறந்து, வளர்ந்து, சாகிற வாம்பயர்கள். மந்திர சக்தி உள்ளவர்கள். ஸ்ட்ரிகோய் என்பவர்கள் சாகாத, கொலைகார வாம்பயர்கள். டாம்பிர் என்றால் பாதி மனிதர், பாதி வாம்பயர். இரண்டு டாம்பிர்களுக்குள் பிள்ளை பிறக்காது. மொரோய் இருந்தால்தான் அவர்களுடைய இனமும் இருக்கும். அதனால் டாம்பிர்கள் சிறுவயதிலிருந்தே மொரோய்களின் மெய்க்காவலர்களாகப் பழக்கப்படுகிறார்கள். எப்போதும் மொரோயின் உயிர்தான் முதலில், தன் உயிர் பிறகு.

பதினேழு வயது ரோஸ் ஒரு டாம்பிர். அவளுடைய உயிர்த்தோழி லிஸ்ஸா, ஓர் அரச வம்சத்தின் கடைசி ஆள். லிஸ்ஸாவைக் காப்பாற்றுவதே ரோஸின் வாழ்க்கை. இடையில் ரோஸுக்கு டிமிட்ரி மேல் காதல் வருகிறது. அவனும் லிஸ்ஸாவுக்கு நியமிக்கப்பட்ட காவலன். ஆபத்து வந்தால் இருவரும் லிஸ்ஸாவுக்கு முன்னால்தான் பாய வேண்டும். காதலித்தால் ஒருவருக்கு ஒருவர் முன்னால் பாய்ந்துவிடுவார்களே! அந்தக் காரணத்தாலும் இந்தக் காதல் பிழை என்று டிமிட்ரி நினைக்கிறான்.

இதை வாசித்தபோது, எங்கள் பிள்ளைகளை இது ஏன் பிடித்து வைக்கிறது என்று எனக்கு விளங்கியது. பாதி இங்கே, பாதி அங்கே. ஒரு பக்கம் நன்றிக்கடன், மறுபக்கம் தன் விருப்பம். அப்பா அம்மா இவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்தார்கள், எனக்கென்று ஒன்று கேட்கலாமா? நானும் அந்தக் கேள்வியோடுதான் ஸ்காபரோவில் வளர்ந்தேன்.

கவனிக்க வேண்டியவை

முதல் புத்தகத்திலேயே லிஸ்ஸா மனவேதனை தாங்காமல் தன் உடலைத் தானே வெட்டிக்கொள்கிறாள். இதைப் பிள்ளை தனியாக வாசிக்க விடாதீர்கள், கட்டாயம் பேசுங்கள். கொலை, பாலியல் விஷயங்களும் உண்டு. டிமிட்ரிக்கு வயது இருபத்துநாலு, அதோடு அவன் ரோஸுக்குப் பயிற்சி கொடுப்பவன். நான் மகளிடம் கேட்டேன்: "உன்ர ஸ்கூல்ல ஒரு கோச் இப்பிடிச் செய்தால்?"

"ஐயோ, சரியான கிரீப்பி அம்மா."

"அப்ப கதையில மட்டும் ஏன் ஓகே?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "டிமிட்ரி நல்லவன் எண்டு ரைட்டர் எங்களுக்கு முதலே சொல்லிப்போட்டா. உண்மையில அப்பிடி ஒருத்தரும் சொல்லமாட்டினம்." நான் அரை மணித்தியாலம் அறிவுரை சொல்லியிருந்தாலும் இதைச் சொல்லியிருக்கமாட்டேன்.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு வந்தது. ரோஸின் அம்மா ஜனீன் பேர்போன காவலர். மகளைச் சிறுவயதிலேயே அகடமியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவர். "ஜனீன் உங்களை மாதிரி, என்ன?" என்றாள் மகள், தோசையைப் பிய்த்தபடி.

அவளுக்கு நாலு வயதானபோது எனக்கு ஒட்டாவாவில் வேலை. இரண்டு வருடம் வாரக்கடைசியில்தான் வீடு. வளர்த்தது அம்மம்மா. நான் மோர்ட்கேஜ், அப்பாவின் வேலை என்று காரணங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"தெரியும் அம்மா. ரோஸுக்கும் தெரியும். தெரிஞ்சாலும் கோபம் வரும்தானே."

அந்த இரண்டு வருடத்தைப் பற்றி நாங்கள் அதுவரை பேசியதே இல்லை. கதையைச் சாட்டி அன்று பேசினோம். இரண்டாம் புத்தகத்தில் ரோஸுக்கும் ஜனீனுக்கும் இடையில் கொஞ்சம் இறுக்கம் தளரும். முழுதாக இல்லை. எங்களுக்கும் அப்படித்தான்.

இப்போது அவள் மூன்றாம் புத்தகத்தில் நிற்கிறாள். நான் முடித்துவிட்டேன். அதன் முடிவில் லிஸ்ஸாவா, டிமிட்ரியா என்று ரோஸ் உண்மையாகவே தெரிவு செய்ய வேண்டி வருகிறது. என்ன செய்கிறாள் என்று இங்கே எழுதினால் மகள் என்னை மன்னிக்கமாட்டாள். அவள் கடைசிப் பக்கத்துக்கு வரும் இரவு நான் வீட்டில் இருக்க வேண்டும். அந்த வாரம் ஆபீஸில் இரவு ஓன்-கோல் வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.