கொச்சியின் சாரா பாட்டியும் கீவ் நகரத்துக் கடவுச்சீட்டும்

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதர் தெருவில் ஒரு பூத்தையல் கடை உண்டு. யூதர்கள் தொழுகைக்கு அணியும் தொப்பிகளையும், ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணிகளையும் சாரா கோஹன் தன் கையாலேயே தைத்து அங்கே விற்றார். 2019 ஆகஸ்ட் 30 அன்று, 96 வயதில் காலமானார். கடைசிவரை அவரை மகனைப்போலக் கவனித்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம்.

என்ன உறவு?

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, சுற்றுலாப் பயணிகளிடம் வியாபாரம் செய்ய அந்தத் தெருவுக்கு வந்தவர் தாஹா. சரக்கு வைக்க இடம் கொடுத்தவர்கள் சாராவும் அவர் கணவர் ஜேக்கபும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. 1999இல் இறப்பதற்கு முன், மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி தாஹாவிடம்தான் ஜேக்கப் கேட்டுக்கொண்டார். இருபது ஆண்டுகள் தாஹா அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

ஊருக்கு இப்படிப்பட்ட உறவு புதிதா?

இல்லை. 16ஆம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களுக்குக் கொச்சி அரசர் தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். 1568இல் எழுந்த ஜெப ஆலயத்தையும் அரண்மனைக் கோயிலையும் ஒரு சுவர்தான் பிரிக்கிறது. 1662இல் ஆலயத்தைச் சிதைத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள் அல்ல, போர்ச்சுகீசியர்கள்.

உக்ரைனில் நடந்தது என்ன?

மதம் பார்க்காமல் யூதருக்குத் துணைநின்றவர்கள் அங்கேயும் இருந்தார்கள், ஆனால் மிகக் கொடிய சூழலில். 1941 செப்டம்பரில் கீவ் நகரின் பாபி யாரில், இரண்டே நாளில் 33,771 யூதர்களை நாஜிக்கள் சுட்டுக் கொன்றனர். உள்ளூர்க் காவல்படையினரும் அவர்களுக்குத் துணைபோனார்கள். யூதருக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. அந்த நாட்களில் பாதிரியார் ஒலெக்சி ஹ்லாஹோலெவின் மனைவி தெத்யானா, தன் கடவுச்சீட்டையே ஒரு யூதப் பெண்ணிடம் கொடுத்தார். படத்தை மாற்றி ஒட்டி அந்தப் பெண் தப்பினார். ஆவணம் இல்லாத தெத்யானா கைதாகும் நிலைக்கு ஆளானார். இப்படி உதவிய உக்ரைனியர்கள் 2,600க்கும் மேற்பட்டோரை இஸ்ரேலின் யாத் வஷெம் நினைவகம் கௌரவித்திருக்கிறது.

இரண்டும் ஒன்றா?

அல்ல. தெத்யானா உயிரைப் பணயம் வைத்தார். தாஹாவுக்கு அந்தச் சோதனை வரவில்லை. ஆனால் ஆபத்து வரும் நாளில் கதவைத் திறக்கும் துணிவு திடீரென்று முளைப்பதில்லை. அடுத்த வீட்டுக்காரரை மதம் பார்க்காமல் மனிதராக மதித்துப் பழகிய ஊரில்தான் அது வேர்விடும். அதனால், வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் மதத்தையும் சாதியையும் விசாரிப்பதை நாம் இன்றே நிறுத்த வேண்டும்.